கார்னர் பிடிக்க, கவர் முடிக்க

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் கோயில் பொங்கல் என்றால் கபடிப் போட்டியும் சேர்ந்தே வரும். அங்கே கூட்டத்தின் கண் முழுக்கப் பாடிப் போகிற ரெய்டர் மேல்தான். அவன் தொடையைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினால் விசில் பறக்கும். எனக்கு எதிரே வளைந்து நிற்கிற ஏழு பேரைப் பார்க்கத்தான் பிடிக்கும். கபடியின் அழகில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஓரத்திலும் கார்னர், அடுத்து இன், அதற்கும் உள்ளே கவர், நடுவில் சென்டர். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து கடைக்கோடு வரை ஆறரை மீட்டர்தான். அதற்குள் ஏழு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், ரெய்டரின் முப்பது விநாடியும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

கார்னரின் வேலை கால். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது ரெய்டர் அதைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை அந்தரத்தில் தூக்கினால் ஒரு புள்ளி. ஊன்றிய அந்த ஒற்றைக் காலுக்காகத்தான் கார்னர் குனிந்து காத்திருக்கிறார். கணுக்காலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துத் தூக்குவது பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஈரானின் ஃபஸல் அத்ராசலி இடது கார்னரில் இதைச் செய்யும்போது, ரெய்டர் தானே வந்து காலைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஆனால் கணுக்கால் பிடி தனியாக நிற்காது. உதறி இழுத்து நடுக்கோட்டுக்குக் கை நீட்ட நல்ல ரெய்டருக்கு ஒரு நொடி போதும். அந்த நொடிக்குள் கவர் வந்து சேர வேண்டும். முந்தி அசைந்தால் ரெய்டர் விழித்துக்கொண்டு பின்வாங்குவான், கார்னர் விரித்த வலை வீண். பிந்தினால் புள்ளி அவனுக்கு. ஆகவே கவர் தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நிற்கிறார். கண் ரெய்டர் மேல் இருக்கும். கவனம் முழுக்கக் கார்னரின் தோள் எப்போது தாழ்கிறது என்பதில். தோள் தாழ்ந்ததும் பாய்ந்து இடுப்பை மறித்துத் திரும்பும் வழியை அடைக்கிறார். ரெய்டர் ஓரமாக ஓடினால் டேஷ்: தோளால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொடுகை நடக்கும்வரை பக்கவாட்டு லாபி களத்தில் சேராது. தொட்டதும் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் கூடிவிடும். களத்தின் அகலமே நடு ஆட்டத்தில் மாறுகிறது. அதையும் கணக்கில் வைத்துத்தான் கவர் மோதுகிறார்.

பேஸ்பாலிலும் இதுபோல் ஒன்பது பேருக்கும் தனித்தனி இடம் உண்டு. வலக்கை மட்டையாளர்களே அதிகம். அவர்கள் அடிக்கும் பந்து இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே அடிக்கடி வருவதால் அங்கே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் மதிப்பு பெரிது. ஆனால் பந்து யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து வருவதில்லை. ரெய்டர் பார்க்கிறான், ஏமாற்றுகிறான், பாதியில் மனம் மாறுகிறான். அதனால் கபடியில் இடம் காப்பது எனக்கு இன்னும் அருமையாகப் படுகிறது.

தஞ்சாவூர் மாவட்டத்துச் சேரலாதன் தர்மராஜ் வலது கார்னர். களத்தில் எல்லோருக்கும் 'அண்ணா'. நாற்பது வயதைத் தாண்டியபின், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் இளம் ரெய்டர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்தது, எப்போது பாயக்கூடாது என்ற தெளிவால்தான் என்பேன்.

புரோ கபடியின் கணக்கில் பிடிப்புள்ளி பெரும்பாலும் பிடியைத் தொடங்கியவர் பெயருக்கே போகிறது. அதனால் கார்னர்கள் பெயர் வாங்குகிறார்கள். ஆனால் அணி எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால் ரெய்டருக்கும் முன்னால் இரண்டு கவர்களைத்தான் தேடுவேன். அவர்களும் ஓரத்துக் கார்னர்களும் ஒரே ஊரில், ஒரே மண்ணில் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.