சக்கரத்தின் சாய்வும் வீட்டு ஸ்பேனரும்

முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தியபோதுதான் தெரிந்தது. டயரின் வெளிப்பக்கம் நன்றாக இருந்தது. உள்பக்கம் கம்பி எட்டிப் பார்த்தது. திருமழிசையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போய்வரும் கனரக லாரிகள் சாலையை அரைத்துவைக்கின்றன. மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் எங்கே, தரை எங்கே என்று தெரிவதில்லை. வேகத்தில் ஒருமுறை சக்கரம் இறங்கினாலே போதும்.

நான் போன அலைன்மென்ட் கடையில், "கேம்பர் அவுட் சார்" என்றார்கள். சக்கரத்துக்கு உள்ளே ஹைட்ராலிக் ஜாக்கியைக் கொடுத்து, திரையில் சிவப்பு எண் பச்சையாகும்வரை அழுத்தினார்கள். வளைந்தது இரும்பு. சில மாதங்களில் டயர் மறுபடியும் அதே பக்கம் தேய்ந்தது. இப்படி ஏமாந்தவர்கள்தான் கேம்பர் போல்ட் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் சரி?

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்பது டோ. 1983 இறுதியில் வந்த மாருதி 800 முதல் இன்றுவரை நம் சிறிய கார்களின் முன்பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். எடை குறைவு, விலை குறைவு, இஞ்சினுக்கு இடம் தாராளம். ஆனால் இத்தகைய கார்கள் பலவற்றில் டை ராடைத் திருகி டோவை மட்டுமே மாற்றலாம். கேம்பருக்குத் தொழிற்சாலை வழி வைப்பதில்லை. ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய புடைப்புள்ள கேம்பர் போல்ட்டைச் செருகினால் அந்த வழி பிறக்கிறது. போல்ட்டைத் திருப்பத் திருப்ப நக்கிள் உள்ளேயோ வெளியேயோ சாயும். ஏறத்தாழ ஒன்றரை டிகிரிவரை மாற்றம் கிடைக்கும்.

இதன் முதல் நன்மை, இரும்பை வளைக்க வேண்டியதில்லை என்பது. ஸ்ட்ரட் வெறும் தாங்குகம்பி அல்ல. அதற்குள் எண்ணெயும் பிஸ்டனும் சீலும் இருக்கின்றன. அழுத்தி வளைத்தால் பிஸ்டன் கம்பி ஒருபக்கம் உரசி, சீல் கசியலாம். வளைத்ததைப் பழையபடி ஆக்கவும் முடியாது. போல்ட் அப்படியல்ல, பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். ஸ்பிரிங்கை அமுக்கும் ஆபத்தான வேலையும் இதில் இல்லை.

இரண்டாவது நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். போல்ட் மாட்டத்தான் சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தபோது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தது. அது டோ கெட்டிருப்பதற்கான அடையாளம். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். புஷ் ரப்பர் கிழிந்து ஆர்ம் ஆடியது. கடையில் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் வண்டிக்கு அடியில் கைவிட்டவருக்கு இந்த அறிவு கிடைக்கிறது. மெக்கானிக்கும் ஏதோ சொல்லி அவர் வாயை அடைத்துவிட முடியாது.

குறைகளும் இங்கிருந்தே தொடங்குகின்றன. புஷ்ஷைப் பார்க்காமல் போல்ட்டை மாட்டியிருந்தால், கடைக்காரர் ஜாக்கியால் செய்த அதே தவற்றை நான் ஸ்பேனரால் செய்திருப்பேன். கேம்பர் தானாக மாறுவதில்லை. ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கும். பால் ஜாயின்ட்டோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எண்ணை மட்டும் சரிசெய்தால் நோய் உள்ளேயே வளரும்.

அடுத்தது அளவு. நம் வீட்டு போர்டிகோக்கள் மழைநீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்படுபவை. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் என்றால், அந்த அகலத்தில் தரை 24 மி.மீ. சரிந்திருந்தாலே ரசமட்டமும் செல்போனும் ஒரு டிகிரி பொய் சொல்லும். கொத்தனாரின் டியூப் லெவல் வைத்துத் தரையைச் சமன்படுத்தினால் கேம்பரை ஓரளவு அளக்கலாம். டோவுக்கு அந்த ஓரளவு போதாது. கேம்பரை மாற்றினால் டோவும் கூடவே மாறும். 14 அங்குல ரிம்மில் 0.1 டிகிரி டோ என்பது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 0.6 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் அந்தக் கோணத்தில் நிற்கும் சக்கரம், கணக்குப்படி, கிலோமீட்டருக்கு 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். நூல் கட்டி அளப்பவர் எவ்வளவு பொறுமைசாலியானாலும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே நம்பிக்கையோடு போவது கடினம்.

மூன்றாவது போல்ட்டின் வலிமை. சாய்வுக்கு இடம் தருவதற்காக அதன் தண்டு மெலிந்திருக்கும். ஆகவே பழைய போல்ட்டின் இறுக்க அளவு இதற்குப் பொருந்தாது. பெட்டியில் தந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் அடுத்த பள்ளத்தில் நழுவும்; கூடினால் போல்ட் இழுபட்டுப்போகும். நம் பகுதியில் இன்னொரு சபலமும் உண்டு. லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊரில், மாதிரியைக் கொடுத்தால் அதே வடிவத்தில் கடைந்து தந்துவிடுவார்கள். வடிவம் வரும், உரம் வராது. போல்ட் தலையில் பொறித்திருக்கும் 10.9 என்பது உலோகத்தின் தாங்குதிறனைச் சொல்லும் எண். சாதா இரும்பில் கடைந்த போல்ட்டை நம்பிக் குடும்பத்தை நெடுஞ்சாலையில் ஏற்றக்கூடாது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சக்கரம் உள்சாய்ந்த கார்களைப் பார்த்துவிட்டு, அதே சாய்வை வைக்க விரும்பும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் வண்டி சரியும்போது டயர் முழுதாகத் தரையில் படிவதற்கான ஏற்பாடு அது. நேராக ஓடும் பூந்தமல்லி சாலையில் அது டயரின் உள்பக்கத்தைத்தான் தின்னும்.

ஆக, இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். அதன் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் இடதையும் வலதையும் ஒப்பிட்டு, வளைந்ததையும் கிழிந்ததையும் மாற்றுங்கள். புது லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவிடாதீர்கள். ஸ்டாண்டும் வேண்டும், பின்சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும், கழற்றிய சக்கரம் வண்டிக்கு அடியில் கிடக்கவும் வேண்டும். இதற்குப் பிறகும் சிறு வித்தியாசம் மிஞ்சினால் கேம்பர் போல்ட் போடலாம். பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு மாட்டுங்கள். அன்றே மெதுவாக ஓட்டிப்போய் மெஷினில் அளந்து, முன்னும் பின்னுமான அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

நான் லோயர் ஆர்மை வீட்டிலேயே மாற்றினேன். வளைத்த ஸ்ட்ரட்டுக்குப் பதில் புதிது போட்டேன். மெஷினில் அளந்தபோது கேம்பர் இரு பக்கமும் வரம்புக்குள் நின்றது; டோவை மட்டும் திருத்தினார்கள். வாங்கிய போல்ட்கள் உறை பிரிக்காமலே இருக்கின்றன. அவற்றுக்குச் செலவழித்த பணத்துக்காக நான் வருந்தவில்லை. அவற்றை மாட்டப் போய்த்தான் பழுதைக் கண்டேன்.