கழுகும் கோரைப்பாயும்

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது முசிறியிலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். டிப்ளமா முடித்தவர். உள்ளூரில் செல்போன் கடை ஒன்றில் வேலை. காப்பியைக் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

'தன்முன்னேற்றத்துக்கு ஒரு வீடியோ சேனல் ஆரம்பிக்கப் போறேன் சார். ஆனா வித்தியாசமா இருக்கணும்.'

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்து விழுந்தது. அம்மா கோரைப்பாய்த் தறியில் உட்காருகிறவர். சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் வீட்டில் இருக்கிறது. அதில் கேமரா வாங்கப் போகிறார்.

'அம்மா என்ன சொன்னாங்க?'

'உனக்குத் தெரியாததா தம்பின்னாங்க.'

இப்படிப்பட்ட அம்மாக்கள் இருப்பதால், 'நல்லாருக்குப்பா, ஆல் தி பெஸ்ட்' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ஒத்திகையாக எடுத்த மூன்று வீடியோக்கள் அவருடைய செல்போனில் இருந்தன. மூன்றையும் பார்த்தேன். சினிமா விமரிசனம், புத்தக விமரிசனம் எல்லாம் எழுதியாயிற்று. இது வெளியாகாத வீடியோக்களின் விமரிசனம்.

முதல் வீடியோ, கழுகு. உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். கழுகுக்கு ஆயுசு எழுபது. நாற்பதாவது வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துவிடும். மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும். புது அலகு முளைத்ததும் பழைய நகங்களைப் பிடுங்கிப் போடும். 150 நாள் வேதனைக்குப் பின் இன்னும் முப்பது வருஷம். பின்னணியில் வயலின் ஓலம். 'நீயும் கழுகாக மாறு!'

கேட்கப் புல்லரிக்கிறது. ஒரே குறை, இதில் ஒரு வரிகூட உண்மையில்லை. காட்டில் வாழும் கழுகுகளுக்கு இருபது, முப்பது வருஷமே பெரிய ஆயுள். அலகு, நம் நகம் போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கிற சமாசாரம். அதை அடியோடு உடைத்துக்கொண்ட கழுகு ஐந்து மாசம் எதைத் தின்னும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். புது வாழ்வு கிடைக்காது, பட்டினிச் சாவுதான் கிடைக்கும்.

'கதைதானே சார், கருத்து நல்லதுதானே?' என்றார் இளைஞர்.

கருத்தும் அவ்வளவு நல்லதில்லை என்பது என் கட்சி. நாற்பது வயதில் வேலை போன ஒருவர் இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இருப்பதை எல்லாம் பிய்த்துப் போடு, வலித்தால் சரியான பாதை' என்று அவருக்குச் சொல்கிறோம். பொய்க்கதையின் தைரியத்தில் நிஜ மனிதர் அலகை உடைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது வீடியோ, '21 நாளில் எந்தப் பழக்கத்தையும் மாற்றலாம்!' விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது பற்றி. இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததைச் சொன்னார். நாளடைவில் 'குறைந்தது' உதிர்ந்தது, மூக்கு உதிர்ந்தது, 21 மட்டும் ஊர் ஊராகப் போயிற்று.

லண்டன் யுனிவர்சிடி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் சகாக்களும் இதை நிஜமாகவே சோதித்தார்கள். 2009ல் வெளியான ஆராய்ச்சி. 96 பேர், 12 வாரம். ஒரு பழக்கம் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை, 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் தவறினால் குடிமுழுகிப் போவதில்லை என்பதும் அதில் உண்டு. இந்தக் கடைசிச் செய்தி எத்தனை ஆறுதல்! நான் காலையில் நடக்க ஆரம்பித்து ஒன்பதாம் நாள் மழையில் விட்டவன். 21ஐ நம்பியதால், 'நமக்கு வராது' என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். 66 தெரிந்திருந்தால் பத்தாம் நாள் போயிருப்பேன்.

இந்த வகை வீடியோக்கள் மேல் என் புகார் இதுதான். முடியாதவனிடம் 'உனக்கு மனசில்லை' என்கிறார்கள். கணக்கு தப்பு என்று யாரும் சொல்வதில்லை.

இதில் வேடிக்கைக்கு அப்பாற்பட்ட ஒரு விஷயமும் உண்டு. முசிறியிலிருந்து திருச்சி வரும் சாலையில் குணசீலம் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து 48 நாள் தங்கவைக்கும் வழக்கமுள்ள பெருமாள் கோயில். ராத்திரி ஒரு மணிக்கு வரிசையாக ஊக்க வீடியோ பார்க்கிற சில பேர் சோம்பேறிகள் இல்லை, நோயாளிகள். மனச்சோர்வு என்பது டாக்டரிடம் காட்ட வேண்டிய வியாதி. அவர்களிடம் 'எழுந்திரு சிங்கமே' என்று கத்துவது, காலொடிந்தவனை ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிடுவது மாதிரி. தன்முன்னேற்றம் பேச வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைக்கோடு இது.

இனி மூன்றாவது வீடியோ. இளைஞர் அதைக் காட்டவே தயங்கினார். 'இது சும்மா சார், டெஸ்டுக்கு எடுத்தது.' லைட்டிங் கிடையாது. பின்னால் தறியின் சத்தம். திருச்சியில் ஒரு இன்டர்வியூவில் இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்க வராமல் எழுந்து வந்ததைச் சொல்கிறார். அப்புறம் எட்டு மாதம் கடையில் செல்போன் டப்பாக்களில் அச்சடித்திருக்கிற இங்கிலீஷைத் தினம் உரக்கப் படித்தாராம். முதலாளி சிரித்தாராம். மூன்றாம் மாசம் நிறுத்திவிட்டாராம். ஒரு வெளியூர் வாடிக்கையாளர் எதையோ கேட்க, பாதி புரிந்து பாதி பதில் சொன்ன சந்தோஷத்தில் திரும்ப ஆரம்பித்தாராம். 'இப்பவும் தப்பாத்தான் பேசறேன். ஆனா பேசறேன்' என்று முடிகிறது. நாலு நிமிஷம். வயலின் இல்லை.

நான் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தது இதை மட்டும்தான்.

'இதுவா சார்? நம்ம கதைய யார் பாப்பாங்க?'

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. 1925லிருந்து நவஜீவன் பத்திரிகையில் வாராவாரம் ஒருவர் தன் கதையை எழுதினார். லண்டனில் கனவானாக மாறுவதற்காக டான்ஸ் வகுப்பில் சேர்ந்ததையும், தாளம் பிடிபடாததையும், காது பழகட்டும் என்று மூன்று பவுண்டு கொடுத்து வயலின் வாங்கியதையும், பேச்சுக் கலை கற்றுக்கொள்ள ஒரு வாத்தியாரைப் பிடித்ததையும், மூன்று மாசத்தில் எல்லாவற்றையும் விட்டதையும் எழுதினார். கையெழுத்து மோசம் என்று வெட்கப்பட்டதையும் மறைக்கவில்லை. புத்தகத்துக்குச் 'சத்திய சோதனை' என்று பெயர். 'சோதனை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். காந்தி அதில் ஃபார்முலா விற்கவில்லை. செய்துபார்த்ததைச் சொன்னார், தோற்றதையும் சேர்த்து. நூறு வருஷமாகியும் படிக்கிறோம்.

தமிழில் இந்தத் துறையின் பெரியவர்களைப் பாருங்கள். எம்.எஸ். உதயமூர்த்தி அமெரிக்காவில் விஞ்ஞானியாக இருந்து தொழில் நடத்திவிட்டு வந்து 'எண்ணங்கள்' எழுதியவர். 'உன்னால் முடியும்' என்பதற்குப் பின்னால் தானே நின்ற அனுபவம் இருந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் நேர் எதிர்த்திசை. விவசாயப் படிப்பு படித்து, வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாக வந்தவர். காலையில் 'இன்று ஒரு தகவல்' சில நிமிஷம்தான். அவசரமே இல்லாத கிராமத்துக் குரலில் ஒரு கதை, ஒரு கருத்து, கடைசியில் ஒரு ஜோக். நாம் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார். 2009ல் காலமானார். அந்தக் குரல் இன்னும் பலர் காதில் இருக்கிறது. 'நீ இப்படி இரு' என்று அவர் யாரையும் அதட்டியதாக ஞாபகமில்லை. விவசாயிக்குத் தகவல் சொல்லிப் பழகியவருக்கு ஒன்று தெரியும், கேட்பவன் முட்டாள் இல்லை என்று.

முசிறி என்றதும் இன்னொரு குரலும் ஞாபகம் வராமல் போகாது. பொம்மலாபாளையத்தில் 1899ல் பிறந்த சுப்பிரமணிய ஐயர். கிராமபோன் என்ற அன்றைய புது மீடியா வந்தபோது அதில் கொடிகட்டிப் பறந்தவர்களில் ஒருவர். அந்த இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் கொஞ்சம் மேலே. நிதானமும் உருக்கமும்தான் முசிறியின் முத்திரை, சௌக்க காலத்தில் கரையவைப்பது. அந்தச் சின்ன இடத்துக்காக அவர் பந்தயக் குதிரையாகிவிடவில்லை. 1938ல் 'துக்காராம்' படத்தில் நடித்தார். அந்த ஒன்றோடு சினிமாவுக்குக் கும்பிடு. 1949ல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல் பிரின்ஸிபால். மீடியம் புதுசு, குரல் தன்னுடையது. வித்தியாசம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் பக்கத்து ஜில்லாவிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018ல் வயல்வெளியில் அடுப்பு மூட்டினார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல். 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். அவர்கள் ஊரில், அவர்கள் சமைக்கிற மாதிரி சமைத்தார்கள். அதையே சென்னை ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்திருந்தால் இன்னொரு சமையல் குறிப்பு.

முசிறிக்காரரிடம் கேட்டேன், 'உங்க ஊர்ல யாராவது எதையாவது மாத்திக் காட்டியிருக்காங்களா?' யோசித்தார். எடிசன் சட்டென்று வந்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தார். முசிறியில் யாரும் வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2000களில் அவர் ஊரில் கட்டிய சூழல் கழிப்பறைகள். கழிவு காவிரிக்கும் நிலத்தடி நீருக்கும் போகாமல் வயலுக்கு உரமாகிற ஏற்பாடு. ஒரு பொதுக் கழிப்பறையில் உபயோகிப்பவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதில் காசு கொடுத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த சமாசாரம். நிறுவனர் சுப்புராமனுக்கு 2021ல் பத்மஸ்ரீ. ஒரு தெரு ஜனங்களின் தலைமுறைப் பழக்கத்தை மாற்றுவது, நாலு மணிக்கு எழுவதைவிடக் கஷ்டம். எப்படி மாற்றினார்கள், யார் முதலில் மறுத்தார்கள், எது பலிக்கவில்லை என்று அந்தத் தெருவில் போய்க் கேட்டால் பத்து வீடியோ இருக்கிறது. ஒரு கழுகு வேண்டாம்.

இந்த மொத்தத் துறைக்கே பெயர் கொடுத்த புத்தகம் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859ல் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்'. அது பிறந்த கதை பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் சில ஏழைத் தொழிலாளி இளைஞர்கள் சாயங்காலங்களில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் சேர்ந்து இடம் போதாமல், முன்பு காலரா ஆஸ்பத்திரியாக இருந்த ஓர் அழுக்கு அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் கூப்பிட்டு ஸ்மைல்ஸ் பேசிய பேச்சுகள்தான் பிற்பாடு புத்தகமாயின. ஆக, முதலில் வந்தது கூடிப் படித்த பையன்கள். போதனை அப்புறம்தான்.

இளைஞருக்கு நான் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான், உங்களில் யாருக்காவது இதே எண்ணம் இருந்தால் உங்களுக்கும் சேர்த்து. நீங்கள் செய்து பார்க்காத எதையும் பிறருக்குச் சொல்லாதீர்கள். எத்தனை நாள் செய்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். எண் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிவிட்டுச் சொல்லுங்கள். கையிலிருக்கும் செல்போன் கேமராவே இப்போதைக்குப் போதும். படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் மன்னிப்பார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் போய்விடுவார்கள். ஆகவே சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் சீட்டுப் பணம் பாங்கில் இருக்கட்டும். வேலையை விடாதீர்கள். அந்தச் செல்போன் கடைதான் உங்கள் லேபரட்டரி.

அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. எண்பதாயிரத்துக்கு வந்தவரை மைக்கோடு அனுப்பினால் அப்படித்தான். இன்னொரு டம்ளர் காப்பிக்குப் பிறகு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தேன். கழுகை அழித்துவிட்டாராம். மைக் வாங்கிவிட்டாராம். பாய்த்தறியின் சத்தத்தை என்ன செய்வது என்று தெரியவில்லையாம். 'இருக்கட்டுமே, அது உங்க வயலின்' என்றேன்.

'அடுத்த வீடியோ எப்போ?'

'நாலு மணிக்கு எந்திரிக்கிறதப் பத்தித்தான் சார். நானே செஞ்சு பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு ஆறாம் நாள்' என்றவர் கொட்டாவி விட்டார்.

'இன்னும் அறுபது நாள் ஆகும் சார்.'