பனியில் சுழலும் ஒற்றைச் சக்கரம்: பழைய பிக்கப்புக்கு எந்த டிஃபரென்ஷியல்?

மிச்சிகனில் பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள பிக்கப் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஒரே தொல்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நகராது. பின்னால் ஒரு சக்கரம், பெரும்பாலும் வலது, விர்ரென்று சுழலும். இடது சக்கரம் அசையாமல் கிடக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க 4x4 வண்டிக்கு மாற வேண்டியதில்லை. பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியலை மாற்றினாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஆனால் எதைப் போடுவது என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

இந்த விமர்சனம் 2000-களின் ஃபோர்டு ரேஞ்சரை வைத்து எழுதியது. 4.0 லிட்டர் வி6 இன்ஜின், 4x2, பின்னால் 8.8 அங்குல ஆக்ஸில். செயின்ட் பால் தொழிற்சாலையில் 2011 இறுதியில் ரேஞ்சர் உற்பத்தி நின்றபிறகும் மிச்சிகன் சாலைகளில் அது குறையவே இல்லை. என் வண்டியில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூட்ராக். லஞ்ச்பாக்ஸ் லாக்கர் போட்ட ஒரு ரேஞ்சரையும், பழைய ட்ராக்‌ஷன்-லாக்கைப் புதுப்பித்துப் போட்ட இன்னொன்றையும் அதே பனியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ஒற்றைச் சக்கரம் ஏன் சுழல்கிறது என்று பார்த்துவிடலாம். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் டிஃபரென்ஷியல். சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியலில் உள்ள ஸ்டார் கியர்கள் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான திருப்புவிசையைத்தான் தரும். எல்லா விசையும் சுழலும் சக்கரத்துக்கே போய்விடுகிறது என்று சொல்வார்கள்; அது சரியல்ல. பனிக்கட்டிமேல் நிற்கும் சக்கரம் 50 அலகு விசையைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தார்மேல் நிற்கும் மறுசக்கரம் 600 தாங்கக்கூடியது. ஆனால் அதற்கும் 50-தான் போகும். மொத்தம் 100. அதை வைத்துக்கொண்டு வண்டி நகராது. வலது சக்கரமே முதலில் வழுக்குவதற்கும் காரணம் உண்டு: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் திருப்புவிசையால் ஆக்ஸிலின் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கப்படுகிறது, அந்த டயர்மேல் பாரம் குறைகிறது.

ட்ரூட்ராக் இந்தக் கணக்கை மாற்றுகிறது. அதற்குள் கிளட்ச் தகடு கிடையாது, சாய்பல் கியர்கள்தான். சுமை ஏறும்போது அவை தங்கள் குழிகளின் சுவரில் அழுந்தி உரசுகின்றன. அந்த உரசலால், வழுக்கும் சக்கரம் தாங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை மறுபக்கம் போகிறது. நம் கணக்கில் 50-க்கு 125, மொத்தம் 175. ஓப்பனைவிட முக்கால் பங்கு கூடுதல். சிக்னலிலிருந்து கிளம்ப, வீட்டு முன் சரிவில் ஏற, இது தாராளமாகப் போதும்.

பெருக்கல் என்பதால் அதற்குள் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையை விட்டு முழுக்கத் தூக்கிவிட்டால் அது தாங்குவது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம். அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். சுழலும் சக்கரத்தில் பிரேக் 100 அலகு எதிர்ப்பைத் தந்தால் மறுபக்கம் 250 போகும். பிரேக் பிடித்திழுப்பதைக் கழித்தாலும் வண்டியைத் தள்ள மிச்சம் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இதைச் செய்து பார்த்தேன். நிதானமாக வெளியே வந்தது. ஆனால் பாறை வழிகளில் அடிக்கடி சக்கரம் தூக்குகிறவருக்கு ட்ரூட்ராக் ஏற்றதல்ல.

அன்றாட ஓட்டத்தில் அது இருப்பதே தெரியாது. சத்தமில்லை, திருப்பத்தில் இழுப்பில்லை. மழையில் நெடுஞ்சாலை ஏறும் வளைவில் உள்சக்கரம் வழுக்குவது நின்றுபோனது. கியர்கள் மட்டுமே என்பதால் தேய்ந்து தீரும் தகடும் இல்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஒழுங்கு வேண்டும்: சாதாரண மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் போதும். உரசலைக் குறைக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரை ஊற்றவே கூடாது. உரசலை நம்பித்தான் அது வேலை செய்கிறது. விலை யூனிட்டுக்கு மட்டும் சற்றேறக்குறைய 600 டாலர்.

லஞ்ச்பாக்ஸ் லாக்கரின் விலை அதில் பாதிதான். ஆஸ்ஸி லாக்கர், லாக்-ரைட் எனப் பல பெயர்களில் வருகிறது. டிஃபரென்ஷியல் கூட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஸ்டார் கியர்களைக் கழற்றி அந்த இடத்தில் பொருத்துவது. கிரவுன் வீலையும் பினியனையும் தொடுவதே இல்லை. வேலை தெரிந்தவர் ஒரு பகலில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, கையேடு சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடு தேய்ந்திருந்தால் பல் உடையும்.

பிடிப்பில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றது முழு விசையோடு தள்ளும். சேற்று வழியில் ஓட்டியபோது 4x4 வண்டிதானோ என்று தோன்றியது. ஆனால் பனிச்சாலையில் வேறு முகம் காட்டியது. திருப்பத்தில் இந்த லாக்கர் விடுபட வேண்டுமானால் வெளிச்சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு அதை முந்தி இழுக்க வேண்டும். பனிக்கட்டியில் பற்றுவதற்கு என்ன இருக்கிறது? லாக்கர் பூட்டியபடியே கிடக்கும், இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், வால் பக்கவாட்டில் போகும். ஓப்பன் டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் சும்மா உருளும் மறுசக்கரம் வாலைப் பிடித்துவைத்திருக்கும். இங்கே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பின்தொட்டி காலியாக இருக்கும் 4x2 பிக்கப்பில் பாரமெல்லாம் முன்னால் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. காய்ந்த சாலையிலும் திருப்பத்தில் டக் டக்கென்ற சத்தம், மேனுவல் கியர் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ஓர் உதறல். காட்டுப் பாதைக்கென்றே வைத்திருக்கும் 4x4 என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டியில் இதைப் போட வேண்டாம்; அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

மூன்றாவது வழி காயலான் கடை. ஃபோர்டே தொழிற்சாலையில் போட்ட ட்ராக்‌ஷன்-லாக், கிளட்ச் தகடுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப். நசுங்கிக் கிடக்கும் ரேஞ்சர், எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் கிடைக்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீட்டைப் பாருங்கள்: இரண்டும் எண்ணாக இருந்தால் பொதுவாக ஓப்பன், எழுத்தோடு வந்தால் லிமிடெட் ஸ்லிப். டிஃபரென்ஷியல் மூடியில் தொங்கும் தகட்டில் 3எல்73 என்பதுபோல் நடுவில் எல் எழுத்து இருந்தாலும் அதுவே. ஒன்றை மறக்கக் கூடாது: ரேஞ்சர் ஆக்ஸில் ஷாஃப்ட்டில் 28 ஸ்ப்ளைன், 1995-க்குப் பிந்தைய எக்ஸ்ப்ளோரரில் 31. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

பழைய யூனிட்டில் தகடுகள் தேய்ந்தே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தகட்டு செட் 100 டாலருக்குள் வரும். ஓட்டிப் பார்த்ததில் பனியில் ட்ரூட்ராக்குக்கு நெருக்கமாகவே இருந்தது. உள்ளிருக்கும் எஸ் வடிவ ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருப்பதால் சக்கரம் தூக்கினாலும் விசை முற்றிலும் செத்துப்போவதில்லை. அந்த ஓரிடத்தில் ட்ரூட்ராக்கை இது முந்துகிறது. இதற்கு மட்டும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் அதிரும். சில ஆண்டுகளில் தகடு மறுபடி தேயும் என்பதுதான் குறை. கையில் பணம் குறைவு, தானே கழற்றிப் பூட்டத் தெரியும் என்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஏர் லாக்கரைப் பற்றியும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி செய்வது, அருமையான பொருள். ஆனால் கம்ப்ரஸரும் குழாயும் சேர்த்தால் பழைய ரேஞ்சரின் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஜிஎம் பிக்கப்புகளில் வரும் ஜி80 வேறு வகை: இரு சக்கரங்களின் சுற்று வேகத்தில் ஏறக்குறைய 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். அதுவும் ஈட்டன் தயாரிப்புதான். இந்தியாவில் மஹிந்திரா தாரின் பின் ஆக்ஸிலில் எம்எல்டி என்று வருவது இதே குடும்பம்.

ஆக, தினமும் ஓட்டும் 4x2 பிக்கப்புக்கு என் தேர்வு ட்ரூட்ராக். காசு இடித்தால் ட்ராக்‌ஷன்-லாக். இரண்டுக்கும் முன்னால் டயர். மூன்று சிகர மலையும் பனிச்செதிலும் பொறித்த குளிர்கால டயரைப் பின்னால் மட்டுமல்ல, நான்கு சக்கரத்திலும் போடுங்கள். டிஃபரென்ஷியல் பிடிப்பை உண்டாக்காது. இருப்பதைப் பங்கிடும், அவ்வளவுதான். மொட்டை டயரில் பங்கிட என்ன இருக்கிறது? தொட்டியில் பின் ஆக்ஸிலுக்கு நேர்மேலே சில மணல் மூட்டைகளை வைத்து, நகராமல் கட்டிவிடுவதும் உதவும். 2012 மாடலிலிருந்து அமெரிக்காவில் இலகு வாகனங்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். அதோடு வரும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து ஓரளவு இந்த வேலையைச் செய்துவிடும். அந்த வண்டிகளில் நல்ல டயரோடு ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு இந்தச் செலவை யோசிக்கலாம்.

பூட்டும் வேலை பற்றிச் சில வார்த்தைகள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலச் சாலையில் உப்புக்குப் பஞ்சமில்லை, அதனால் துருவுக்கும் பஞ்சமில்லை. எண்ணெய் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள்; அது சிக்கிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 8.8-இல் கீழே வடிக்கும் பிளக் கிடையாது, மூடியைத்தான் கழற்ற வேண்டும். குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட் இந்த ஆக்ஸிலில் முறிவதற்குப் பேர்போனது. புதியதொன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பேரிங் மூடிகளில் இடது வலது குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மாறிப் பொருத்தக் கூடாது.

லஞ்ச்பாக்ஸைத் தவிர மற்ற இரண்டுக்கும் கூட்டையே வெளியே எடுத்து, கிரவுன் வீலை மாற்றிப் பூட்டி, பினியனோடு அதற்குள்ள பிளேயை டயல் கேஜ் வைத்து அளந்து, பக்கத்து ஷிம்களால் சரிசெய்ய வேண்டும். பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, எங்கே படுகிறது என்றும் பார்க்க வேண்டும். இது தப்பினால் நெடுஞ்சாலை வேகத்தில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் தேயும். கூலியும் சில நூறு டாலர் ஆகிற வேலை. கடையில் விடுவதாக இருந்தால், வேலை முடிந்தபின் பிளே அளவை எழுதித் தருவீர்களா என்று முன்பே கேளுங்கள். டயல் கேஜ் எதற்கு, பழைய ஷிம்மையே போட்டுவிடலாம் என்று சொல்லும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.