சராசரி என்ற கடைசி வரி

பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் ஓம் விதிச் சோதனைக்கு ஒரு அட்டவணை உண்டு. வோல்ட்மீட்டர் காட்டியது ஒரு பத்தி, அம்மீட்டர் காட்டியது ஒரு பத்தி, முதலாவதை இரண்டாவதால் வகுத்த மின்தடை மூன்றாவது. ஆறு வரிகளை நிரப்பி, கடைசியில் சராசரி போட்டால் மதிப்பெண். நான் படித்த பள்ளியில் விடை முன்கூட்டியே தெரியும். அதனால் 2.0, 2.0, 1.9 என்று மீட்டர் முள்ளே வெட்கப்படும் அளவுக்கு ஒழுங்கான எண்களை எழுதி வைப்போம்.

இந்தக் கணக்கைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. வீட்டில் இதைப்போல் உடனுக்குடன் உதவும் கணக்கு வேறில்லை. 2000 வாட் கீசர் வாங்குகிறீர்கள். 2000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது, பவர் பிளக் வேண்டும் என்பது அந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிடும். பிறகொரு நாள் வெந்நீர் வரவில்லை. எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு காயிலில் மல்டிமீட்டரை வைக்கிறார். 26 ஓமை ஒட்டிக் காட்டினால் காயிலில் குறையில்லை. 230-ன் வர்க்கத்தை 2000-ஆல் வகுத்தாலும் அதுதான் வரும். வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊரில் அதே கீசர் ஏறக்குறைய 1225 வாட்தான் தரும். வோல்ட் கால் பங்குகூடக் குறையவில்லை, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. இதைப் பேனா பிடிக்காமலே சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு.

இனி அதே மல்டிமீட்டரை ஒரு 60 வாட் குண்டு பல்பில் வையுங்கள். கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும். மீட்டர் காட்டுவதோ 60, 70 ஓம். இரண்டும் சரிதான். எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கிறது. தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. ஆறிய இழைக்குத் தடை குறைவு, பாயும் மின்னோட்டம் அதிகம். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் ஃபியூஸ் போவதும் அதனால்தான். கீசரில் கணக்கு பலித்தது நிக்ரோம் கம்பியின் தயவு: சூடேறினாலும் அதன் தடை பெரிதாக மாறுவதில்லை.

நம் வகுப்பறைகள் நழுவவிடும் இடம் இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் எந்தப் பொருளுக்கும் ஓர் எண் வரும். மின்தடைக்கு வரையறையே அதுதான். அந்த எண் மாறாமல் நிற்கிறது என்பதுதான் ஓம் விதி. ஆறு வரிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக வைத்த சோதனையில், வேறுபாட்டைக் கரைத்துவிடும் சராசரியைக் கடைசி வரியாக வைத்திருக்கிறோம். டார்ச் பல்பை வைத்து அளந்து சராசரி எடுத்தாலும் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

ஓமுக்கே முதலில் சறுக்கியது. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 1825-இல் வெளியிட்ட முதல் சூத்திரம் மடக்கையில் அமைந்தது, தவறானது. அவர் மின்கலமாகப் பயன்படுத்திய வோல்ட்டா அடுக்கின் மின்னழுத்தம் அளக்க அளக்க நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. இயற்பியலாளர் போகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்–செம்பு வெப்ப இணைக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் நிலைத்தது, 1826-இல் சரியான விதி கிடைத்தது. அவரும் அன்று சராசரி எடுத்துத் திருப்திப்பட்டிருந்தால் விதி இன்னொருவர் பெயரில் இருந்திருக்கும்.

திறன் கணக்கில் சிக்கல் இன்னும் ஆழம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்பது நேர்மின்னோட்டத்துக்கும் கீசர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கும் பொருந்தும். மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால் பெருக்கி வருவது வோல்ட்-ஆம்பியர். வாட் அதைவிடக் குறைவு; இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். இன்வெர்ட்டர் பெட்டியில் வி.ஏ. என்று போட்டிருப்பது இதற்காகவே. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 230-ஆல் வகுத்து 3.2 ஆம்பியர் என்று நம்பி ஒயர் இழுத்தால் அது சுடும். 746 என்பது மோட்டார் தண்டில் கிடைக்கும் திறன். உள்ளே ஏற்படும் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வீட்டு மீட்டர் வாட்டையே கணக்கிடுவதால் பில் இரட்டிப்பாகாது. ஒயருக்கோ ஆம்பியர்தான் கணக்கு.

அளவுக் கருவிகளும் சுற்றின் ஒரு பகுதி என்பது பாடத்தில் அரை வரியோடு போய்விடுகிறது. சிறிய தடையை அளக்க வோல்ட்மீட்டரை அந்தத் தடையின் முனைகளிலேயே நேராக இணைக்க வேண்டும். அம்மீட்டரையும் உள்ளடக்கி இணைத்தால் அதன் தடையும் விடையில் ஏறிக்கொள்ளும்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். ஓம் விதிச் சோதனையில் அளக்கும் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்றையும் வையுங்கள். சராசரிக் கட்டத்தை அடித்துவிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். சுருளுக்கு நேர்கோடு வரும், பல்புக்கு வளையும். வளைந்த கோட்டைக் கொண்டுவரும் மாணவனுக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.