சிவப்புத் துளியில் ஒரு வால்

தம்பிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். காணையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்தபோதுதான் லேப் அக்காவின் கைவேலையைப் பார்த்தேன். டைபாய்டைத் தேடும் வைடால் டெஸ்ட். ஸ்லைடில் சீரம் சொட்டுகள். ஒன்றில் நீல மருந்து, இன்னொன்றில் சிவப்பு. குச்சியால் கலக்கி, முறத்தில் அரிசி புடைப்பதைவிட மெதுவாக ஒரு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். நீலம் பொடி ரவையாகத் திரிந்தது. சிவப்போ பஞ்சு பஞ்சாக மிதந்தது. “இது ‘எச்’சுங்க, கிருமியோட வாலு” என்றார். சிவப்பில் இருந்தவை செத்த டைபாய்டு கிருமிகள். தம்பி ரத்தத்தின் எதிர்ப்பொருள் அவற்றின் வால்களைப் பிணைத்ததில் வந்த பஞ்சு அது.

அந்த வால் ஒரு அற்புதமான நெசவு. ஃபிளாஜெலின் என்ற ஒரே புரதம் சுமார் 20,000 முறை அடுக்கிய வெற்றுக்குழல். முடியைவிடச் சில ஆயிரம் மடங்கு மெலிது. முடி வேரில் வளரும், இது நுனியில். புதுப் புரதம் குழலுக்குள்ளேயே ஊர்ந்துபோய் நுனியில் மடிந்து உட்கார்கிறது. டைபாய்டு கிருமியிடம் இதற்குப் பெரும்பாலும் ‘ஃபிளிசி’ என்ற ஒரே மரபணுதான். வயிற்றுப்போக்கு தரும் அதன் பங்காளி டைஃபிமூரியத்திடம் இரண்டு: டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வாலையே மாற்றிக்கொள்ளும். நம் உடம்பு பழைய வாலைத் தேடிக்கொண்டிருக்கும். களவாணித்தனம்தான், ஆனால் வேலை சுத்தம்.

அக்கா ரிப்போர்ட்டை நீட்டினார். “இதை மட்டும் வெச்சு டைபாய்டுன்னு முடிவு பண்ணாதீங்க. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில பிளட் கல்ச்சர் பாத்துடுங்க.”