தாய் ஆமையும் மீன்காரம்மாவும்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, பெசன்ட் நகர் மணலிலும் நீலாங்கரையிலும் கோவளம் வரையிலும் நாள் தவறாமல் கிடந்தன. கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. செய்தித்தாள்களைப் பார்த்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

தானாக முன்வந்து என்ற சொற்களைப் படித்ததும் எனக்கு இன்னொரு வழக்கு நினைவுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் இதே கடற்கரையைப் பற்றி, சாந்தோமை ஒட்டிய நொச்சிக்குப்பம் லூப் சாலையைப் பற்றி, சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கைத் தானாக முன்வந்து எடுத்தது. அங்கே பொருள் ஆமை அல்ல, சாலையோரம் மீன் விற்கும் பெண்கள். ஆக்கிரமிப்பு, போக்குவரத்து இடையூறு என்பவைதான் அந்த வழக்கின் சொற்கள். மாநகராட்சி கடைகளை அகற்ற வந்தது, குப்பத்துப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த எங்கள் இடத்தில்தானே சாலை வந்தது, யார் யாரை ஆக்கிரமித்தது என்று கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அத்தோடு விவகாரம் முடிந்துவிட்டதாக மயிலாப்பூரில் பலரும் நினைக்கிறோம்.

இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பெண் என்ற சொல் எங்கே ஒட்டுகிறது, எங்கே உதிர்கிறது என்பது தெரியும். ஆமையைப் பற்றி எழுதிய எல்லோருக்கும் அது தாய். பிறந்த கரைக்கே முட்டையிட வந்த தாய், பிரசவத்துக்குப் பிறந்த வீடு தேடி வந்த மகள். இதில் உயிரியல் கொஞ்சம் உண்டு: கரையேறுவது பெண் ஆமை மட்டுமே. ஆனால் விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடை தூக்கி, வெயிலில் உட்கார்ந்து விற்று, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைக்கும் மனுஷியும் தாய்தான். அவளைத் தாய் என்று யாரும் எழுதவில்லை. அவள் வியாபாரி, அல்லது இடையூறு. ஆமைக்குக் கிடைத்த தாய்ப் பட்டத்தைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. தாயாக இருந்தால்தான் இரக்கம் என்பது நமக்குப் பழகிய கண்ணிதானே. அது ஆமையையும் காப்பாற்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆமை எப்படிச் சாகிறது? அதற்கு நுரையீரல் உண்டு, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். கடலடியில் மணிக்கணக்கில் இழுபடும் மடிவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். மாநிலத்தின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. அந்த நீர் சிறுபடகுகளுக்கு உரியது, ஆமைகள் கூடுவதும் பெரும்பாலும் அங்கேதான். விதியைப் பார்த்தால், ஆமைக்கும் குப்பத்துக்கும் ஒரே எதிரி, ஒரே வேலி. நாம் இவர்களை எதிரெதிர் பக்கத்தில் நிறுத்திப் பழகிவிட்டோம்.

வேலியைக் காப்பது யார் என்று கேட்டால் சட்டப்புத்தகம் சிதறுகிறது. மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில், பன்னிரண்டு கடல் மைல் வரை. அதற்கு அப்பால் ஒன்றியத்துக்கு. வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப்பட்டியலில். ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சமமாக. ஆக ஆமை வனத்துறையின் பொறுப்பு, வலை மீன்வளத்துறையின் பொறுப்பு, ஆழ்கடல் ரோந்து கடலோரக் காவல் படையின் பொறுப்பு. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை அது. ஜனவரியில் வரத் தொடங்கும் ஆமைகளில் பெரும்பாலானவை அதற்குள் முட்டையிட்டுப் போயிருக்கும், அல்லது செத்திருக்கும்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டுமல்ல. ஆமை தப்பிச் செல்லும் கதவு இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டபோது, அதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்காடிய நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு, இயற்கையைக் காப்பது சரி, நாடுகளிடையே பாரபட்சம் காட்டிய முறை சரியில்லை என்றது. 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு அடைபட்டது. ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் ஏற்றுமதி வருமானம் என்று பேசிய அந்த அவையில், இறாலை உரித்துக் கூலி வாங்கும் பெண்களை யாரும் ஒரு தரப்பாக எண்ணவில்லை. இதைத்தான் நான் இந்த வழக்குகளின் பெரிய குறையாகப் பார்க்கிறேன். மீன்பிடிச் சட்டம் படகை ஒழுங்குபடுத்துகிறது. படகு உரிமையாளர் சங்கத்துக்கு நாற்காலி கிடைக்கும். படகு இல்லாத, ஆனால் படகு கரைக்கு வந்தபின் எல்லா வேலையையும் செய்கிற பெண்ணுக்கு எந்த மனுவிலும் பெயரில்லை.

கல்லூரி நாளில் நானும் ஆமை நடை போனவள். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பத்தைக் கடக்கும்போது நாங்கள் குரலைத் தாழ்த்துவோம், தூங்குகிறவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு. உள்ளே போய் எந்தப் பெண்ணிடமும் எதையும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். நான் மீன் வாங்கும் அக்கா, ஆமை சாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் பேசுவது வலையைப் பற்றி. சிறுபடகு வலையிலும் ஆமை மாட்டும். உயிரோடு விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். அந்த வலைக்கான கடன் அவர் பெயரில் இருக்கிறது, வாரத் தவணையும் அவர்தான் கட்டுகிறார். மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால் 2018 முதல் அரசு இழப்பீடு தருகிறது என்று சொன்னேன். கத்தியைத் துடைத்துவிட்டு, அந்தப் பணம் படகுக்காரன் கணக்குக்குப் போகுமா, கடன் வாங்கினவள் கணக்குக்குப் போகுமா என்று கேட்டார்.