தட்டடவும் இளைப்பாறலும்

மார்கழியில் ஏற்காட்டுக்குப் பொழுது விடிய மனசே வராது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த மறுநாள் காலை, தங்கியிருந்த வீட்டின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றேன். அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் நான் பரதம் ஆடவில்லை. நமஸ்காரம் செய்யக் குனிந்ததும் விரல் நுனியில் தரையின் குளிர் ஏறியது. உன்னை மிதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியைக் கேட்டுக்கொள்ளும் வணக்கம் அது. பிறகு அரைமண்டியில் உட்கார்ந்து, தெய்யா தெய், தட்டடவு. முதல் காலம், மெதுவான வேகம். பாதம் முழுசாக விழ வேண்டும். குதிகால் முந்தினால் ஒரு சத்தம், விரல்கள் முந்தினால் வேறொரு சத்தம். சரியாக விழுந்த பாதத்தின் சத்தம் வயிற்றில் கேட்கும். இரண்டாம் காலத்தில் உடம்பு சுட்டது. மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. தாளம் மட்டும் விடவில்லை.

அன்று எனக்கு நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? சிகிச்சை என்கிறார்கள் சிலர், ஆன்மிகச் சாதனை என்கிறார்கள் சிலர். மலைவாசத் தலங்களில் யோகம், தியானத்தோடு நடனத்தையும் சேர்த்து மனநலம் தருவதாகச் சொல்லும் முகாம்கள் பெருகியிருக்கின்றன. இன்ன முத்திரை இன்ன நோயைப் போக்கும் என்ற பட்டியல்கள் கைபேசியில் சுற்றுகின்றன. மரபு உண்மையில் எதைச் சொன்னது, இன்று நடனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளிகளோடு உட்காருகிறவர்கள் என்ன செய்கிறார்கள், மருத்துவ ஆய்வு எதுவரை ஒப்புக்கொள்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. எனக்கு இது வெறும் தகவல் விஷயம் இல்லை.

நாட்டிய சாஸ்திரம் தன் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கலை யாருக்காக என்று சொல்லிவிடுகிறது. துயரப்பட்டவர்கள், உழைத்துக் களைத்தவர்கள், இழப்பில் வாடுகிறவர்கள், தவத்தில் மெலிந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் நாட்டியம் விசிராந்தி தரும் என்கிறது. விசிராந்தி என்றால் இளைப்பாறல். பிணி தீரும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று உட்கார ஒரு இடம், அவ்வளவுதான் வாக்குறுதி. பின்னால் வந்த காஷ்மீரத்து உரைகாரர் அபிநவகுப்தர் ரச அனுபவத்தையே மனம் ஓரிடத்தில் தங்கி இளைப்பாறும் நிலையாக விளக்கினார். எட்டு ரசங்களோடு ஒன்பதாவதாகச் சாந்தத்தையும் நிலைநாட்டினார். ஆன்மிகம் என்று இந்தக் கலையில் எதைச் சொல்கிறார்களோ, அதன் வேர் இந்த ஒரு சொல்லில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

தமிழுக்கு இது அயல் சரக்கு அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களை வகுக்கிறது: பிறர் இகழ்ச்சி, இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. இன்று மனநல ஆலோசகர் முன்னால் உட்காருகிறவர்களின் கதைகளை இந்த நான்கிலேயே ஏறக்குறைய அடக்கிவிடலாம். மெய்ப்பாடு என்ற சொல்லையே கவனியுங்கள். மனத்தில் உள்ளது மெய்யில் படுவது. உடம்பையும் உள்ளத்தையும் பிரித்துப் பார்க்காத மொழி இது.

பரதக் கச்சேரியின் மைய உருப்படியான வர்ணத்தில் இந்த ஆற்றும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவன் ஏன் இன்னும் வரவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. பாடுகிறவர் அதைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுகிறவள் முதல் முறை அதைக் கேள்வியாகக் கேட்பாள். அடுத்த முறை வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொடுவாள். அதற்கடுத்து தலையில் வைத்த பூ வாடியிருப்பதைப் பார்ப்பாள், தோழியின் மேல் எரிந்து விழுவாள், பிறகு அவளிடமே மன்னிப்புக் கேட்பாள். சஞ்சாரி என்பது இதுதான். ஒரே துக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் தடவிப் பார்ப்பது. துக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறவனால் இது முடியாது. அவனுக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டுமே. நடுவில் நட்டுவனாரின் தாளம் விழுந்து, பாட்டு வரி இல்லாமல் தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதி தொடங்கிவிடும். அழுத முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரமில்லை, கால் ஓட வேண்டும். ஜதி முடிந்து மறுபடி அந்த வரிக்கே வரும்போது, அது வேறு வரியாக இருக்கும். என் துக்கம் என்னுடையது மட்டுமல்ல என்று ஆகிவிடும் இந்த இடத்தைத்தான் வடமொழி ரசக் கோட்பாட்டாளர்கள் பொதுமையாக்கம் என்று பேசினார்கள். பட்டநாயகர் அதற்கு முதன்மையான பெயர்.

காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் 1925ல், ஏழு வயதில் அரங்கேறிய நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, ஐம்பது ஆண்டு கழித்து 1975ல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் போவதோடு அவர் ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம், சப்தம் என்று மண்டபங்களைக் கடந்து வர்ணத்தில் சந்நிதி. சிருங்காரத்தைக் களைந்தால்தான் நடனம் பக்தியாகும் என்ற கருத்து ஓங்கியிருந்த காலம் அது. அவர் அதை ஒப்பவில்லை. சிருங்காரத்தின் வழியாகவே அந்தச் சந்நிதிக்குப் போக முடியும் என்று உறுதியாக நின்றார். 1936ல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் பார்வை வேறு. அவர் பக்தியை முன்னே வைத்து, இந்தக் கலையைப் புதியதொரு வகுப்பாரிடம் கொண்டுபோனார். இரண்டு பேரும் பெரியவர்கள். ஆனாலும் உடம்பின் ஆசையையும் ஏக்கத்தையும் வெளியே நிறுத்திவிட்டு ஒரு மனசை ஆற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் நான் பாலம்மா பக்கம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1947ல் சென்னை மாகாணம், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. நிறுத்த வேண்டிய கொடுமைகள் இருந்தன. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காத்த இசைவேளாளர் பெண்கள் பலர் அதோடு மேடையையும் பிழைப்பையும் மரியாதையையும் இழந்தார்கள். அந்த மரபில் வந்த விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2022ல்தான். பரதம் ஆற்றும் என்று பேசுகிற எவரும், பரதத்தால் காயப்பட்டவர்கள் இவர்கள் என்பதை நினைத்துக்கொண்டே பேச வேண்டும்.

அதே பரதத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர்களும் உண்டு. மதுரைக்காரரான திருநங்கை நர்த்தகி நடராஜ், வீடும் ஊரும் தள்ளிய நிலையில் தஞ்சைக்குப் போய் நட்டுவனார் கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் குருகுல முறையில் பயின்றார். 2019ல் பத்மஸ்ரீ பெற்றார். 1981ல் விபத்தில் ஒரு காலை இழந்த சுதா சந்திரன் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு 1984ல் மீண்டும் மேடையேறினார். இவர்கள் இருவரின் கதையையும் அற்புதமாகச் சொல்லிச் சொல்லி, நடுவில் இருந்த பயிற்சியை நாம் மறந்துவிடுகிறோம். செயற்கைக் காலைத் தரையில் தட்டிப் பழகுவது என்றால் என்ன என்று தட்டடவு ஆடியவர்களுக்குத் தெரியும்.

நடன அசைவுச் சிகிச்சை என்ற தனித் துறைக்கு மேற்கில் மரியான் சேஸ் முன்னோடி. 1942ல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் அவர் வேலையைத் தொடங்கினார். 1966ல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் உருவானது. நம் பக்கத்தில் அம்பிகா காமேஷ்வர் 1989ல் சென்னையில் ரமண சுந்ருத்ய ஆலயா, சுருக்கமாக ரசா, என்ற அமைப்பைத் தொடங்கி, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளோடு நடனம், பாட்டு, கதை, கைவேலை எல்லாவற்றையும் கலந்து வேலை செய்துவருகிறார். பரதம் பயின்று, அமெரிக்காவில் நடன அசைவுச் சிகிச்சை கற்று வந்த திரிபுரா காஷ்யப் அந்தத் துறையை இங்கே ஊன்றியவர்களில் ஒருவர். கொல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தி 2004ல் நிறுவிய கொல்கத்தா சம்வேத், கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு பணி செய்கிறது. தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லை என்று பழக்கப்படுத்தப்பட்ட பெண், கையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று தானே முடிவு செய்கிறாள். அந்த வேலையின் தொடக்கமே அதுதான்.

இவர்களிடம் நான் கற்றது, வகுப்பறை வேறு, சிகிச்சை அறை வேறு என்பது. வகுப்பில் தட்டுக்கழி தட்டுமணையில் விழும். தப்பான அடவைத் திருத்தியே ஆக வேண்டும். சிகிச்சை அறையில் தப்பு என்று ஒன்று கிடையாது. அரங்கேற்றமும் கிடையாது. ஆட்டிசம் உள்ள குழந்தை ஒரு ஹஸ்தத்தைத் தன் போக்கில் பிடித்தால் அதுவே அன்றைய பாடம். நல்ல நாட்டிய ஆசிரியராக இருப்பதாலேயே ஒருவர் சிகிச்சை தரத் தகுதி பெற்றுவிடுவதில்லை.

மருத்துவ ஆய்வுகளின் பதில் இன்னும் அடக்கமானது. 2003ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. உடல் அசைவுள்ள பொழுதுபோக்குகளில் மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்புபட்டது நடனம் ஒன்றுதான். ஆனால் ஆடியதால் நோய் வரவில்லையா, நோய் வராதவர்கள் ஆடினார்களா என்பதை அப்படிப்பட்ட ஆய்வு தீர்த்துவைக்காது. மனச்சோர்வுக்கு நடனச் சிகிச்சை குறித்து 2015ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வுக்கு மூன்றே ஆய்வுகள்தான் தேறின, மொத்தம் 147 பேர். உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. பார்கின்சன் நோயில் கதை கொஞ்சம் தெளிவு. நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து வரும் தாளம் அடுத்த அடியை எடுக்க உதவுகிறது. புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001லிருந்து இவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. தெய்யா தெய் போன்ற சொல்லுக்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே காலால் தட்டும் நம் முறைக்கு இங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரிகளும் நட்டுவனார்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

முத்திரையால் சர்க்கரை நோய் குறையும் என்கிறவர்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அரைமண்டியைத் தப்பாகப் பழகினால் முழங்கால் போகும், இடுப்பு போகும். இதை எந்த முகாமின் விளம்பரமும் சொல்வதில்லை.

ஆன்ம வளர்ச்சி என்றதும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து மேல்தளம்தான் நினைவுக்கு வரும். 108 கரணங்களில் 81 அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆடுபவர் நான்கு கைகளோடு சிவபெருமான். மிச்சம் 27 கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. திருவிழாக் கூட்டம் அங்கே ஏறாது. பார்வையாளரே இல்லாத இடத்தில் ஆயிரம் ஆண்டாக ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சிக் கோயிலில் தாழ்ந்த குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளி மக்கள் திரண்டு வருவார்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்கிறவர்கள். பறை ஒலியில் சாமி வந்து ஆடும் ஒருத்தி, வருஷம் முழுக்க வாயைத் திறந்து சொல்ல முடியாததை அந்தச் சில நிமிஷங்களில் சொல்லிவிடுவதைத் தமிழ்நாட்டு ஊர்த் திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுப்பார்கள். எந்த ரச நூலிலும் அவளுக்கு இடமில்லை. நடனத்தின் ஆற்றும் சக்தியை ஆராய்கிறவர்கள் அவளிடமிருந்து தொடங்கியிருக்கலாம்.

1820களில் காபி இந்த மலைக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு இளைப்பாற மேலே வந்தார்கள். இப்போது நாம் வருகிறோம். அன்று காலை நான் மூன்றாம் காலத்தை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தபோது, வேலிக்கு அந்தப்பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காபிப் பழம் பறிக்கும் மாதம். இடுப்பில் பையைக் கட்டியிருந்தார்.

"ஏங் கண்ணு, இப்படிக் குந்திக்கிட்டே குதிச்சா முட்டி வலிக்காதா?"

"வலிக்குங்க்கா. உங்களுக்கு?"

"எனக்கென்ன, சரிவுல நிக்கறதுதானே பொழப்பு. சாயந்திரமானா ரெண்டு காலும் என்னுது இல்ல."

உள்ளே வரச் சொன்னேன். தோட்டத்தில் பெயர் கொடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். காலை நீட்டச் சொல்லி, குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றி மெதுவாக மடக்கக் காட்டினேன். நான் தெய்யா தெய் சொல்லச் சொல்ல, அவர் கால் அதற்குள் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் என் சொல்லுக்கட்டை விட்டுவிட்டார். தன் தொடையில் வேறொரு தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார், கண்ணை மூடியபடி. நான் சொல்வதை நிறுத்திவிட்டு அவர் தாளத்துக்குக் கையைத் தட்டினேன்.